குறுக்கு வழி தேடிய கடைசி நாவல்

ஆர்தர் சி. கிளார்க்கை வாசிக்கத் தொடங்குகிறவர்கள் அவருடைய கடைசி நாவலிலிருந்து தொடங்குவதில்லை. தொடங்கவும் கூடாது. '2001' இருக்கிறது, 'ராமா' இருக்கிறது, 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு 2008இல் வந்த 'தி லாஸ்ட் தியரம்' நாவலைக் கையில் எடுத்தால், இந்த மனிதரையா உலகம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது என்று தோன்றிவிடும். கிளார்க்கின் தீவிர ரசிகர்களே இந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

ஆனால் தமிழ் வாசகருக்கு இதை அப்படி ஒதுக்கிவிட முடியாத ஒரு காரணம் உண்டு. கதாநாயகன் பெயர் ரஞ்சித் சுப்பிரமணியன். ஊர் திருகோணமலை. அப்பா கணேஷ் சுப்பிரமணியன், திருக்கோணேச்சரம் கோயிலின் தலைமைக் குருக்கள். ஆங்கில அறிவியல் புனைகதையின் மும்மூர்த்திகளில் ஒருவர், தன் வாழ்நாளின் கடைசி நாவலுக்கு ஓர் ஈழத்துக் குருக்களின் மகனை நாயகனாக்கியிருக்கிறார். நம் ஆட்கள் இதைப் பற்றி ஏன் இன்னும் கொஞ்சம் சத்தம் போடவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

பெயரிலேயே ஒரு சின்ன இடறல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இலங்கையில் கோயில் குருக்கள் என்றால் பெயருக்குப் பின்னால் குருக்கள் என்றோ சர்மா என்றோ வரும். 'சுப்பிரமணியன்' என்று 'ன்' போட்டு முடிப்பதும் அங்கே அவ்வளவு வழக்கமில்லை, 'சுப்பிரமணியம்'தான் அதிகம். அரை நூற்றாண்டு அந்தத் தீவில் வாழ்ந்த கிளார்க் இதைக் கவனித்திருக்கலாம். ஒருவேளை கவனித்திருப்பார், எழுதிய கை வேறு என்பதால் விட்டுப்போயிருக்கலாம்.

எழுதிய கை பற்றிச் சொல்ல வேண்டும். கிளார்க் இந்த நாவலைத் தனியாக எழுதத்தான் தொடங்கினார். போலியோவின் பின்விளைவுகளால் பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருந்தவர், எண்பதுகளின் நடுவயதைத் தாண்டியவர். எழுத்து நகரவில்லை. தன்னிடம் இருந்த குறிப்புகளையும் எழுதிய பகுதிகளையும் பழைய நண்பர் பிரெடரிக் போலிடம் ஒப்படைத்தார். பிரெடரிக்கும் சாதாரண ஆள் இல்லை. 'கேட்வே' எழுதியவர், கூட்டாக எழுதுவதில் இளமையிலிருந்தே பழக்கம் உள்ளவர். ஆனால் அவருக்கும் வயது எண்பதுகளின் பின்பாதி. கையெழுத்துப் படியின் இறுதி வடிவத்தைக் கிளார்க் பார்த்து ஒப்புதல் கொடுத்த சில நாட்களில், 2008 மார்ச் 19 அன்று, கொழும்பில் இறந்துபோனார். வயது 90. புத்தகம் அந்த ஆண்டே வெளிவந்தது.

கதை, சுருக்கமாக. ரஞ்சித் கொழும்பில் படிக்கிற கணிதப் பைத்தியம். நெருங்கிய நண்பன் காமினி பண்டார, சிங்களவன். அந்த நட்பு அப்பாவுக்கு உறுத்துகிறது, அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. ரஞ்சித்துக்கு ஒரே கனவு: ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்துக்கு (அது என்னவென்று பிறகு சொல்கிறேன்) ஒரு சுருக்கமான நிரூபணம். இடையில் ஒரு கப்பல் பயணம், கடற்கொள்ளையர்கள், தவறான கைது, சிறை, சித்திரவதை. சிறையில் நிரூபணம் கிடைக்கிறது. வெளியே வந்து உலகப் புகழ், மைரா டி சொய்சாவுடன் திருமணம், பிள்ளைகள். இன்னொரு பக்கம் வேற்றுக்கிரகவாசிகள்: பூமியில் அணுகுண்டு வெடித்த ஒளியைப் பார்த்து, இந்த இனம் ஆபத்தானது, துடைத்துவிடலாம் என்று முடிவெடுத்து ஒரு படையை அனுப்புகிறார்கள். அதற்குள் பூமியில் 'சைலன்ட் தண்டர்' என்ற ஆயுதத்தால் சமாதானம் வந்துவிடுகிறது. விண்தூக்கி கட்டுகிறார்கள், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறிப்போகும் லிஃப்ட் மாதிரி. ரஞ்சித்தின் மகள் நடாஷா சூரிய ஒளி தள்ளுவதால் ஓடும் விண்கலங்களின் சூரியப் பாய்மரப் போட்டியில் கலந்துகொள்கிறாள். வேற்றுக்கிரகவாசிகள் வந்து சேர்கிறார்கள். பூமி பிழைக்கிறது.

இவ்வளவையும் ஒரே புத்தகத்தில் திணித்தால் என்ன ஆகும்? எல்லாம் தொட்டுத் தொட்டுப் போகும். பாத்திரங்களுக்குத் துன்பம் வரும், அடுத்த அத்தியாயத்தில் தீர்ந்துவிடும். தெரிந்த சரக்கும் நிறைய. விண்தூக்கி 1979இல் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் வந்தாயிற்று. அதற்காக இலங்கைத் தீவையே பூமத்திய ரேகைக்கு நகர்த்தி வைத்தவர் கிளார்க். சூரியப் பாய்மரப் போட்டி அறுபதுகளில் அவர் எழுதிய ஒரு சிறுகதை. மேலேயிருந்து மனிதனைக் கண்காணிக்கிற பெரியவர்கள் 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' வந்த 1953இலிருந்து அவரோடு இருக்கிறார்கள். வேற்றுக்கிரகவாசிகள் வரும் அத்தியாயங்களில் மட்டும் பிரெடரிக்கின் குறும்பு எட்டிப் பார்க்கிறது. இயந்திரத் துணையில்லாமல் உயிர்வாழ முடியாத அளவுக்குச் சொந்தக் கிரகத்தை நாசமாக்கிக்கொண்ட ஓர் இனம் வருகிறது, அவர்களை 'ஒன்றரைகள்' என்று சொல்லலாம். உடம்பு ஒன்று, அதைக் காப்பாற்றும் கருவி அரை. அதைப் படித்துச் சிரித்தேன்.

இந்த நாவல் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு காரணத்துக்காக. அதற்குக் கோணேசர் மலைக்குப் போக வேண்டும்.

திருகோணமலையில் கடலுக்குள் நீண்டுகிடக்கும் பாறை முனைதான் சுவாமி மலை. செங்குத்தாகக் கடலில் இறங்குகிற பாறை. அதில் பிளந்திருக்கும் ஓர் இடத்தை இராவணன் வெட்டு என்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் 'கோணமாமலை' என்று பாடிய தலம். 1620களில் போர்த்துக்கேயர் அந்தப் பெருங்கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் பாண்டியரின் இரட்டைக் கயல் செதுக்கிய கல் இன்னும் இருக்கிறது. மிச்சக் கல்லெல்லாம் பாறையிலிருந்து கடலுக்குள் விழுந்தது. 1956இல் கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் அங்கே மூழ்கினார்கள். கடலடியில் செதுக்கிய தூண்களும் கட்டடக் கற்களும் கிடப்பதைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு வந்த 'தி ரீஃப்ஸ் ஆஃப் தாப்ரபேன்' என்ற புத்தகத்தில் கிளார்க் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். இப்போது மலைமேல் இருக்கும் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது அதற்குப் பிறகுதான், 1963இல்.

அவர் இலங்கையில் குடியேறிய ஆண்டும் 1956தான். விண்வெளியைப் பற்றி எழுதிய மனிதர் இலங்கைக்கு வந்தது கடலுக்காக. வந்த முதல் ஆண்டிலேயே பார்த்தது இடிந்து மூழ்கிய ஒரு சிவன் கோயிலை. ஐம்பது வருடம் கழித்து, கடைசி நாவலின் நாயகனை அந்தக் கோயில் வாசலிலேயே பிறக்க வைக்கிறார். இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, ஃபெர்மாவுக்கு வருவோம். எக்ஸின் அடுக்கு என்-ஐயும் ஒய்யின் அடுக்கு என்-ஐயும் கூட்டினால் இசட்டின் அடுக்கு என் வருகிற மாதிரி பூஜ்ஜியம் அல்லாத முழு எண்கள் கிடைக்குமா? அடுக்கு இரண்டு என்றால் எத்தனையோ கிடைக்கும்: 3, 4, 5. இரண்டுக்கு மேல் போனால் ஒன்றுகூடக் கிடையாது என்றார் பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் ஃபெர்மா. அருமையான நிரூபணம் கைவசம் இருக்கிறது, எழுத ஓரத்தில் இடம் போதவில்லை என்று ஒரு புத்தகத்தின் விளிம்பில் கிறுக்கிவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் முந்நூற்றைம்பது ஆண்டுகள். ராமானுஜனின் 1729 கூட இந்தப் பக்கம் போகிறதுதான்: 10-இன் கனத்தையும் 9-இன் கனத்தையும் கூட்டினால் 1729. 12-இன் கனம் 1728. ஒன்றே ஒன்றில் தவறிப்போகிறது. அப்படி ஒன்றில் தவறும் கனங்களை வரிசையாக எடுக்கவே ராமானுஜன் வழி வைத்திருந்தார்.

ஆண்ட்ரூ வைல்ஸ் ஏழு ஆண்டுகள் யாருக்கும் சொல்லாமல் உழைத்து, 1993 ஜூனில் கேம்பிரிட்ஜில் அறிவித்தார். சரிபார்த்தபோது ஓட்டை தெரிந்தது. ரிச்சர்ட் டெய்லரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, 1994 செப்டம்பரில்தான் அடைத்தார். 1995இல் அச்சில் வந்தது நூறு பக்கத்துக்கும் மேல். நீள்வட்ட வளைவுகள், மட்டு வடிவங்கள் என்று ஃபெர்மா கேள்வியே பட்டிராத கருவிகள். ஆகவே ஃபெர்மா மனத்தில் வைத்திருந்தது இது இல்லை என்பது உறுதி. ரஞ்சித்தின் ஆசை அங்கேதான் பிறக்கிறது: ஃபெர்மா காலத்துக் கருவிகளைக் கொண்டே, சில பக்கங்களில், ஒரு தனி மனிதன் மண்டைக்குள் முழுசாக வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு நிரூபணம்.

நாவல் அந்த நிரூபணத்தைக் காட்டவில்லை. காட்ட முடியாது, இல்லாததை எப்படிக் காட்டுவது! அதற்குப் பதில் சின்னச் சின்ன எண் விளையாட்டுகளைத் தருகிறது. அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: பத்து விரலை வைத்து 1023 வரை எண்ணுவது. வலக்கைக் கட்டைவிரலுக்கு மதிப்பு 1. சுட்டுவிரல் 2, நடுவிரல் 4, மோதிரவிரல் 8, சுண்டுவிரல் 16. இடக்கைக்குப் போனால் 32, 64, 128, 256, 512. நீட்டிய விரலுக்கு மட்டும் கணக்கு. 19 வேண்டுமா, வலக்கையில் கட்டை, சுட்டு, சுண்டு மூன்றையும் நீட்டுங்கள். பத்தும் நீட்டினால் 1023. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மடியில் போட்டுவிட்டு விரலை நீட்டி மடக்க ஆரம்பித்துவிட்டேன். மோதிரவிரல் தனியாக நீள மறுக்கிறது, 8 என்பது கஷ்டமான எண். நல்ல அறிவியல் புனைகதை வாசகனை இப்படித்தான் ஏதாவது செய்ய வைக்கும். இந்தப் பக்கங்களில் பழைய கிளார்க் அப்படியே இருக்கிறார்.

இந்த நாவல் முழுக்கவும் குறுக்கு வழிக்கான ஏக்கம் என்பது என் வாசிப்பு. நூறு பக்க நிரூபணத்துக்குச் சில பக்கக் குறுக்கு வழி. ராக்கெட்டுக்குக் குறுக்கு வழியாக விண்தூக்கி. அப்புறம், போருக்குக் குறுக்கு வழியாக சைலன்ட் தண்டர்.

அது ஆளைக் கொல்லாத ஆயுதம். ஒரு நாட்டின் மேல் போட்டால் அங்கே மின்சாரம், தொலைத்தொடர்பு, மின்னணுக் கருவி எதுவும் வேலை செய்யாது. படை முடங்கும். சண்டை நின்றுபோகும். வல்லரசுகள் கூடி உருவாக்கி, முதலில் வட கொரியாவின் மேல் போடுகிறார்கள். பிறகு நிவாரணப் படையோடு உள்ளே போய் ஒழுங்குபடுத்துகிறார்கள். காமினி அந்தச் சமாதான அமைப்பில்தான் வேலை செய்கிறான். நாவல் இதைக் கிட்டத்தட்டக் கேள்வியே இல்லாமல் கொண்டாடுகிறது. இந்த ஆசையும் கிளார்க்குக்குப் பழசு. 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' நாவலில் விண்ணிலிருந்து வந்தவர்கள் போரை நிறுத்திவைத்தார்கள். 1999இல் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய 'தி ட்ரிக்கர்' நாவலில் வெடிமருந்தைச் செயலிழக்க வைக்கும் கருவி.

மின்சாரத்தை நிறுத்தினால் போர் நிற்குமா? கிளார்க் வாழ்ந்த அதே தீவின் வடக்கு முனையில் இதற்குப் பதில் இருந்தது. 1990இலிருந்து யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரம் இல்லாமல் கிடந்தது. எரிபொருளுக்குத் தடை, மருந்துக்குக் கட்டுப்பாடு, பற்றரிக்குக்கூடத் தடை. சனம் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிச் செய்தி கேட்டார்கள். பிள்ளைகள் அந்த விளக்கில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். சண்டை அது பாட்டுக்கு நடந்தது. ஒரு நாட்டை இருட்டாக்கினால் அடங்கிவிடும் என்று நினைக்க, இருட்டில் வாழாதவராக இருக்க வேண்டும்.

நாவலின் நடுவே இன்னொரு இடம் வருகிறது. திருகோணமலைத் தமிழ் இளைஞன் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். குற்றச்சாட்டு இல்லை, வழக்கறிஞர் இல்லை, எங்கே இருக்கிறான் என்று வீட்டுக்குத் தெரியாது. கேட்டதற்குப் பதில் தெரியவில்லை என்று அடிக்கிறார்கள். இதை வாசிக்கிற எந்த இலங்கைத் தமிழருக்கும் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் நினைவுக்கு வராமல் போகாது. ஆனால் நாவலில் அதற்குக் காரணம் கடற்கொள்ளையர். கப்பலைக் கடத்தியவர்களில் இவனும் ஒருவன் என்று நினைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். இந்த நாவல் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில்தான், 2006 ஜனவரி 2 அன்று, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ரஞ்சித்தின் வயதுப் பையன்கள்.

ஆகவே புத்தகம் உண்மையின் தோள் வரைக்கும் வந்துவிட்டு விலகிப் போகிறது. சிறை இருக்கிறது, ஊர் இருக்கிறது, பையன் இருக்கிறான், காரணம் மட்டும் வேறு. சிங்கள நண்பன், தமிழ் நண்பன், அப்பாவின் சங்கடம் என்று தொடக்கத்தில் கோடு போட்டுக் காட்டிய பிரச்சினை, நல்ல பையன்கள் இருவரும் பெரியவர்களானதும் கரைந்துபோகிறது.

இதை வைத்துக் கிளார்க்கைத் திட்டுவது சுலபம். இலங்கை அரசோடு நல்ல உறவில் இருந்தவர், கொழும்பில் வசதியாக வாழ்ந்தவர், வாயைத் திறக்கவில்லை என்று சொல்லிவிடலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 2007 டிசம்பரில், தொண்ணூறாவது பிறந்தநாளுக்கு அவர் பதிவு செய்த காணொளியில் மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுக்கிரக உயிருக்கு ஆதாரம் கிடைக்க வேண்டும், உலகம் எண்ணெயை விட்டு வெளியே வர வேண்டும், இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். முதல் இரண்டும் யாரும் எதிர்பார்ப்பவைதான். மூன்றாவது, இந்த நாவலை எழுத வைத்த ஆசை. அடுத்த மாதமே அரசு 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த ஒப்பந்தத்திலிருந்து விலகியது. 2009 மே மாதம் போர் எப்படி முடிந்தது என்பதைப் பார்க்க அவர் இல்லை. நாவல் கற்பனை செய்ததற்கு நேர்மாறாக முடிந்தது அது.

அவருக்குச் சண்டையைப் புரிந்துகொள்வதில் ஆர்வம் இல்லை, அது நிற்க வேண்டும் என்பதில்தான் ஆர்வம். பொறியாளர் மனம். பழுது எங்கே என்று கண்டுபிடி, ஒரு கருவி செய், சரியாக்கு. செயற்கைக்கோள் தொடர்பு விஷயத்தில் அந்த மனம் 1945லேயே உலகத்துக்கு வழிகாட்டியது. அதே மனத்துக்கு ஒரு குருக்களும் அவர் மகனும் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்பது பிடிபடவில்லை. வைல்ஸின் நிரூபணம் ஏன் நீளம் என்பதும் அப்படித்தான். அது நீளமாக இருப்பது அவருடைய திறமைக் குறைவால் அல்ல. தொடர்பே இல்லை என்று நினைத்திருந்த இரண்டு கணித உலகங்களை அது இணைத்தது. அந்த இணைப்பில்தான் அதன் முழு மதிப்பும். அதைச் சில பக்கமாகச் சுருக்கிவிட்டால் ஃபெர்மா கிடைப்பார், மற்றதெல்லாம் போய்விடும். நாவலுக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தும் அக்கறையில்லை.

வாசிக்கலாமா என்று கேட்டால், முதல் மூன்றில் ஒரு பங்கை நிதானமாக வாசியுங்கள் என்பேன். திருகோணமலை, கொழும்புப் பல்கலைக்கழகம், அப்பாவும் மகனும், காமினி, எண் விளையாட்டுகள், சிறை வரைக்கும். அதற்கப்புறம் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போகலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஒன்றரைகள் வரும் இடங்களில் மட்டும் நின்றுவிட்டுப் போங்கள். எந்தப் பக்கம் கிளார்க் எழுதியது, எது பிரெடரிக் எழுதியது என்று பிரித்துப் பார்ப்பது வாசகர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. நானும் ஊகிக்கிறேன்: கேலி எல்லாம் பிரெடரிக்குடையது, கோயிலும் கடலும் கிளார்க்குடையவை. வட கொரியாவை யார் எழுதியிருந்தாலும் அதை விரும்பியவர் கிளார்க்தான்.